குலசேகரம்–பேச்சிப்பாறை ஏத்தத்துக்கு ஆர்எக்ஸ் 100 சேம்பர்: எந்த ஆர்பிஎம்முக்கு அடிக்கணும்?

திற்பரப்பு ஆர்எக்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாக்க யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக், 1994 மாடல். இன்ஜின் முழுசா இறக்கி, போர் ஒரு சைஸ் ஏத்தி, புது பிஸ்டன், கிராங்க் பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாத்தியாச்சு. வண்டி இப்ப நல்லா இழுக்குது. ஆனா பழைய சைலன்சர் அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்து போச்சு. கடையில கிடைக்கிற டூப்ளிகேட் சைலன்சர் போட்டுப் பாத்தேன், தகடு வெத்தலை கனம்தான் இருக்கு, இழுவையும் போச்சு. அதனால எக்ஸ்பேன்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடுற, நடுவுல வயிறு விரிஞ்ச புகைக்குழாய்) சொந்தமா அடிச்சுப் போடலாம்னு இறங்கியிருக்கேன்.

நான் பாலிடெக்னிக் மெக்கானிக்கல் முடிச்சவன். டிகிரி வீல் (கிராங்க் எத்தனை டிகிரி சுத்துதுன்னு அளக்கிற வட்டு) மாட்டி எக்சாஸ்ட் போர்ட், அதாவது சிலிண்டர்ல புகை வெளிய போற வாய், திறந்து மூடுற அளவை எடுத்தேன், 172 டிகிரி வருது. பிஸ்டன் முகத்துல இருந்து சிலிண்டர் வெளிமுகம் வரைக்கும் 40 மி.மீ., பெண்டு பைப் (சிலிண்டர்ல இருந்து வளைஞ்சு வர்ற முதல் குழாய்) உள்விட்டம் 34 மி.மீ. இதையெல்லாம் நெட்டுல ஒரு கால்குலேட்டர்ல போட்டா, 10,000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து) ஒரு அளவு தருது, 8,000-க்கு வேற அளவு தருது. எதை எடுக்கணும்னு தெரியல.

வண்டி தினமும் ஓடுற ரோடு குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை வரைக்கும். அதுக்கு மேல தோட்டத்துக்குப் போற மண் ரோடு. பின்னால ரப்பர் ஷீட்டுக் கட்டும் இருக்கும். ரேஸ் ஓட்டுற எண்ணம் கிடையாது.

இன்னொரு கேள்வி. பனியில ஓட்டுற ஸ்னோமொபைல் வண்டிக்கு சேம்பர் அடிக்கிற வீடியோ நிறைய பாத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். அந்த அளவுகளையே சிசி கணக்குக்குக் குறைச்சு நம்ம வண்டிக்கு எடுத்தா சரி வருமா? தகடு எது வாங்கணும், கோனுக்கு எப்படிக் கோடு போடணும்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மார்த்தாண்டத்துல ஆர்கான் வெல்டிங் பண்ணித் தர ஒருத்தர் ஒத்துக்கிட்டார், கோன் உருட்டுறது மட்டும் நீயே செஞ்சு கொண்டு வான்னு சொல்லிட்டார்.

---

தக்கலை தகரப்பட்டறை எழுதியது:

மக்களே, கேட்ட விதம் நல்லா இருக்கு. டிகிரி வீல் வச்சு அளந்துட்டு வந்து கேக்குறவங்க ரொம்பக் கம்மி. பெரும்பாலும் ‘அண்ணே சவுண்டு வரணும்’னுதான் வருவாங்க. பழைய சைலன்சர்ல உள்ள குழலை உருவி எறிஞ்சிட்டு வண்டிக்குப் பவர் ஏறிட்டுன்னு நினைக்கிறவங்களும் உண்டு. அதுல ஏறுறது சத்தம் மட்டும்தான், கீழ்ப்பக்க இழுவை குறையத்தான் செய்யும்.

முதல்ல ஆர்பிஎம். உனக்க மொத்தக் கேள்வியும் இதுலதான் நிக்குது. சேம்பருக்கு ஒரே ஒரு நீளம் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. எக்சாஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய்க்குள்ள ஓடுது. முதல்ல விரியிற கோன்ல அது படும்போது எதிர் அலை ஒண்ணு, இழுக்கிற அலை, சிலிண்டருக்குத் திரும்பி வருது. கிராங்க் கேஸ்ல, அதாவது பிஸ்டனுக்குக் கீழ உள்ள அறையில, இருக்கிற புதுப் பெட்ரோல்-காத்துக் கலவையை டிரான்ஸ்பர் போர்ட் வழியா மேல இழுக்கிறதுக்கு அது துணை. கொஞ்சம் கலவை எக்சாஸ்ட் வழியா வெளியவும் போயிரும். மீதி அலை அந்தப் பக்கம் சுருங்குற கோன்ல, முட்டம் பாறையில அலை அடிச்சுத் திரும்புற மாதிரி, மோதித் திரும்பி வந்து வெளிய போன கலவையைச் சிலிண்டருக்குள்ள தள்ளி விடுது. போர்ட் மூடுறதுக்குச் சற்று முன்னால இது வந்து சேரணும். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் பிரயோஜனம் இல்ல. அலைக்க வேகம் பெருசா மாறாது, இன்ஜின் வேகம் மாறும். அதனால ஒரு நீளம் ஒரு ஆர்பிஎம்மைச் சுத்தித்தான் வேலை செய்யும்.

இதைக் கணக்கா செஞ்சு காட்டினவர் கிழக்கு ஜெர்மனியில எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனியோட இன்ஜினியர் வால்டர் காடன். 1961-லயே அவருக்க 125 சிசி இன்ஜின் 25 குதிரை சக்தி தந்தது. லிட்டருக்கு 200. அந்த வருஷம் அவருக்க ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் போட்டிக்குப் போனவர் அப்படியே மேற்குப் பக்கம் தப்பிப் போய் சுசுகியில சேந்துட்டார். மறு வருஷம் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஜப்பான் டூ ஸ்ட்ரோக் எல்லாம் தலை நிமிந்ததுக்குப் பின்னால இந்தக் கதை இருக்கு. நம்ம ஆர்எக்ஸும் அந்த வம்சத்துல வந்ததாக்கும். அதனால எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை.

இனி கணக்கு. போர்ட் திறந்திருக்கிற டிகிரியை 43,200-ஆல பெருக்கி, ஆர்பிஎம்மால வகுத்தா, மில்லிமீட்டர்ல நீளம் கிடைக்கும். சூடான புகைக்குள்ள அலை நொடிக்கு 518 மீட்டர் போகுதுன்னு வச்ச கணக்கு இது. பிஸ்டன் முகத்துல தொடங்கி, சுருங்குற கோனுக்க நடுப்பகுதி வரைக்கும் அளக்கணும். கோனுக்க கடைசி வரைக்கும்னு எடுத்துராத. உனக்க 172 டிகிரிக்கு:

10,000 ஆர்பிஎம்: 743 மி.மீ.
8,000 ஆர்பிஎம்: 929 மி.மீ.
7,500 ஆர்பிஎம்: 991 மி.மீ.

ஆர்எக்ஸ் 100 கம்பெனியில இருந்து வரும்போதே 7,500-லதான் 11 குதிரை சக்தி தருது. கியர் நாலுதான். 10,000-க்கு சேம்பர் அடிச்சா, ரெண்டுல இருந்து மூணுக்கு மாத்தும்போது ஆர்பிஎம் சேம்பர் வேலை செய்யிற இடத்தை விட்டுக் கீழ விழுந்துரும். பின்னால ஷீட்டுக் கட்டு, முன்னால ஏத்தம், வளைவுல லாரி. ரெண்டாம் கியர்லயே அலற விட்டுக்கிட்டுத்தான் ஏறணும், இல்லன்னா வண்டி அழும். நீ 8,000-க்கே அடி. போர்ட்டைத் தொடாத. எக்சாஸ்ட் போர்ட்டை மேல ஏத்தினா 172-ங்கிற எண்ணே மாறிரும், பிறகு முழுக் கணக்கும் புதுசா போடணும்.

உனக்க ரோட்டுக்கு நான் அடிச்சா இப்படித்தான் அடிப்பேன். எல்லாம் உள் அளவு. பெண்டு பைப் 34-ல தொடங்கி 38 ஆகணும், நீளம் 250. பிறகு விரியிற கோன் ரெண்டு துண்டா: 38-ல இருந்து 60, நீளம் 180, 60-ல இருந்து 85, நீளம் 170. நடு வயிறு 85 விட்டம், 188 நீளம். சுருங்குற கோன் 85-ல இருந்து 21, நீளம் 200. கடைசி வால் குழாய் 21 உள்விட்டம், 250 நீளம். கூட்டிப் பாரு: சிலிண்டருக்குள்ள 40, 250, 180, 170, 188, சுருங்குற கோன்ல பாதி 100. 928 வருதா? செரி.

வால் குழாய் விஷயத்துல ரொம்ப கவனம். பெண்டு பைப் விட்டத்துல பத்துக்கு ஆறு பங்குக்குக் கீழ போகாத. அதைச் சிறுசாக்கினா கீழ்ப்பக்கம் இழுவை கூடுற மாதிரி தோணும். ஆனா சூடு வெளிய போக வழியில்லாம உள்ளேயே நிக்கும். ஏத்தத்துல பத்து நிமிஷம் முறுக்கினா பிஸ்டன் தலை ஓட்டை விழும்.

தகடு 1 மி.மீ. சிஆர் ஷீட்டு, அதாவது பளபளன்னு எண்ணெய் பூசி வருமே அது. ஜிஐ தகடு வேண்டவே வேண்டாம். அதுல உள்ள துத்தநாகம் வெல்டிங் சூட்டுல புகையாகி, பத்த வைக்கிறவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வந்துரும், பத்தும் சரியா பிடிக்காது.

கோனுக்குக் கோடு போடுறதை ஒரு துண்டுக்கு மட்டும் சொல்லித் தரேன், மத்ததை நீயே போடுவ. 60–85 கோனை எடு. உள் அளவோட தகட்டுக் கனம் 1 கூட்டினா 61, 86. ஆரமா எடுத்தா 30.5, 43. வித்தியாசம் 12.5. நீளம் 170-ஐயும் 12.5-ஐயும் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்தா சாய்வு நீளம் 170.5. இதை 43-ஆல பெருக்கி 12.5-ஆல வகுத்தா வெளி வில்லுக்க ஆரம் 586. அதே மாதிரி 30.5-ஆல பெருக்கி வகுத்தா உள் வில் 416. எத்தனை டிகிரி வெட்டணும்? 360-ஐ 43-ஆல பெருக்கி 586-ஆல வகு, 26.4. பாகைமானியை நம்பாத, இவ்வளவு பெரிய வில்லுல அரை டிகிரி தப்பினாலே கோன் வாய் பொருந்தாது. வெளி வில்லுக்க ரெண்டு முனைக்கும் நேர்த் தூரம் 268, உள் வில்லுக்கு 190. இந்த ரெண்டையும் ஸ்கேல் வச்சுச் சரி பாத்துட்டு வெட்டு.

நான் பட்டறைத் தரையில ஒரு ஆணி அடிச்சு, கம்பியில ரெண்டு முடிச்சு போட்டுத்தான் வில் வரைவேன். கம்பின்னா கட்டுக்கம்பி, நூல் இழுபடும். முதல்ல பழைய காலண்டர் அட்டையில வெட்டி ஒட்டிப் பாரு. வண்டியில வச்சு, கால் படுதா, கிக்கர் முட்டுதா, சைடு ஸ்டாண்டு இடிக்குதான்னு அட்டையிலேயே தெரிஞ்சிரும்.

உருட்டுறதுக்கு ரோலர் மிஷின் இல்லாட்டி, கோனுக்க சின்ன வாயை விடச் சிறுசான ஜிஐ பைப்பை வைஸ்ல கடிக்க வச்சு, அதுமேல தகட்டைக் கையால அமுக்கி அமுக்கி வளை. ரெண்டு ஓரத்தையும் முதல்ல வளைச்சிரணும், கடைசியில வளைக்கப் போனா ஓரம் நேராவே நிக்கும், வெல்டிங் போட்ட பிறகு அங்க ஒரு கூர் முதுகு தெரியும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், ரப்பர் சுத்தியல். ஒரே இடத்துல ஓங்கி அடிக்காம, சின்னப் பக்கத்துல இருந்து பெரிய பக்கம் பைய பைய நகந்து வா. கையில பிடிச்சா ரெண்டு ஓரமும் தானா வந்து தொடணும். இழுத்துப் பிடிச்சுக் கட்டித்தான் சேருதுன்னா இன்னும் உருட்டணும்னு அர்த்தம்.

வளைவுக்கு, கோனைச் சாய்வா அறுத்து, ஒரு துண்டை அரை வட்டம் திருப்பி வச்சா அதுவே வளைஞ்சு நிக்கும். எவ்வளவு சாய்வோ அதுக்கு ரெட்டிப்பு வளைவு. அறுக்கிறதுக்கு முன்னால நடுக்கோடு ஒண்ணு நீளமா வரைஞ்சு வச்சுக்க. வளைவுல நீளம் அளக்கும்போது இந்த நடுக்கோட்டு வழியாத்தான் அளக்கணும்.

---

வடசேரி டூஸ்ட்ரோக் எழுதியது:

அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டாங்க. நான் சத்தத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். வால் குழாயை அப்படியே திறந்து விட்டுராதீங்க தம்பி. அதுக்குப் பின்னால ஓட்டை போட்ட குழாயும் கண்ணாடிப் பஞ்சும் வச்சு ஒரு சின்ன சைலன்சர் கண்டிப்பா வேணும். அதால பவர் குறையாது, ஏன்னா அலைக்க வேலை அதுக்கு முன்னாலயே முடிஞ்சுது.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல, 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை அளவை மீறி ஓட்டினா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா 3 மாசம் வரை சிறை, ரெண்டும் சேத்தும் விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாசத்துக்குப் போகும். அது ஒரு பக்கம். தோட்டத்துல விடியக்காலம் ரப்பர் பால் வெட்டப் போறவங்க, ரோட்டோர வீட்டுல தூங்குற பிள்ளைங்க, அவங்களையும் நினைச்சுப் பாக்கணும். ஆர்எக்ஸ் சத்தம் எனக்கு உயிர். ஆனா அடங்கின சத்தத்துலதான் அந்த இன்ஜினுக்க அழகு தெரியும்.

பஞ்சு எண்ணெய் குடிச்சு ஊறினா சத்தம் ஏறும். அப்பப்ப மாத்துறதுக்குத் தோதா பின்மூடியை ரிவெட்டுல வைங்க, வெல்டு பண்ணி அடைக்காதீங்க.

---

கருங்கல் டு கனடா எழுதியது:

கருங்கல்காரன், இப்ப ஆல்பர்ட்டாவுல ஸ்னோமொபைல் வேலைதான் செய்யிறேன். அதனால அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றது முறை.

தம்பி, அந்த அளவுகளைச் சிசி கணக்குக்குக் குறைச்சு எடுக்கவே கூடாது. சேம்பருக்க நீளத்துக்கும் சிசிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. போர்ட் டிகிரியும் ஆர்பிஎம்மும்தான் நீளத்தைத் தீர்மானிக்கும். 850 சிசி ரோட்டாக்ஸ் இன்ஜினும் 8,000 ஆர்பிஎம் பக்கத்துலதான் உச்ச பவர் தருது, உங்க ஆர்எக்ஸும் அந்தப் பக்கம்தான். எட்டு மடங்கு பெரிய இன்ஜின்னு சொல்லி நீளத்தை எட்டுல ஒண்ணாக்கினா என்ன ஆகும்னு பாருங்க. சிசி கூடினா மாறுறது விட்டமும் கொள்ளளவும். அதோட, இந்த ரெண்டு சிலிண்டர் இன்ஜின்ல பெரும்பாலும் ரெண்டும் சேந்து ஒரே குழாய்க்குள்ள ஊதும். ஒரு சிலிண்டருக்க அலை மத்த சிலிண்டருக்குப் போய்ச் சேரும். அதுக்கு வேற கணக்கு.

எல்லாத்தையும் விடப் பெரிய வித்தியாசம் கியர். ஸ்னோமொபைல்ல கியரே கிடையாது. நம்ம ஊர் ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்டும் ரெண்டு புல்லியும்தான். திராட்டில் முழுசா முறுக்கினா புல்லியில உள்ள வெயிட்டும் ஸ்பிரிங்கும் இன்ஜினை ஒரே ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சிரும். வண்டி வேகம் 40-ஓ 100-ஓ, இன்ஜின் 8,000-லயே நிக்கும். அதனால இங்க சேம்பர் அடிக்கிறவங்க சுருங்குற கோனைச் செங்குத்தா வச்சு, குறுகலான இடத்துல பவரை உச்சிக்குக் கொண்டு போகலாம். அதுக்குக் கீழ பவர் இல்லன்னாலும் கவலை இல்ல, இன்ஜின் அங்க வரவே வராது. நாலு கியர் வண்டி அப்படி இல்ல. தக்கலை அண்ணாச்சி குடுத்த கோன் பையச் சாயுது. கியர் மாத்தி ஆர்பிஎம் விழுந்தாலும் சேம்பர் வேலை செய்யிறதுக்காகவாக்கும் அது.

இங்க சூடு இன்னொரு தலைவலி. பனித்தூள் பறந்து வந்து சேம்பர் மேல விழும். குழாய் குளிந்தா உள்ள அலை மெதுவாகும், சேம்பர் வேலை செய்யிற ஆர்பிஎம் கீழ இறங்கும். இப்ப வர்ற வண்டிகள்ல சேம்பருக்குள்ளயே சூடு அளக்கிற சென்சார் உண்டு, குழாய் எவ்வளவு சூடோ அதுக்குத் தக்கபடி இக்னிஷன் டைமிங்கை அதுவே மாத்திக்கும். உங்களுக்குப் பனி இல்ல, ஆனா மழை உண்டு. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டே. கொட்டுற மழையில வண்டி கொஞ்சம் மந்தமா தோணினா உடனே கார்புரேட்டரைத் தொடாதீங்க, குழாய் சூடாகட்டும்.

அந்த வீடியோவுல இருந்து எடுக்கிறதுன்னா ஒண்ணு எடுங்க. சேம்பரை இன்ஜினோட இறுக்கிப் போல்ட்டு போட மாட்டாங்க. பெண்டு பைப் முனையில ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையிற மாதிரி விட்டு, ஸ்பிரிங்கால இழுத்துப் பிடிப்பாங்க. பின்னால பிடிக்கிற இடத்துல ரப்பர் புஷ். இன்ஜின் அதிர்வு நேரா தகட்டுல ஏறினா வெல்டிங் ஓரத்துல வெடிப்பு விழும்.

---

திற்பரப்பு ஆர்எக்ஸ் எழுதியது:

மூணு பேருக்கும் மனசார நன்றி. 8,000-க்கே அடிக்கிறேன். 10,000-ங்கிற எண்ணைப் பாத்து ஆசை வந்தது உண்மை, ஆனா கியர் விஷயத்தைக் கனடா அண்ணன் சொன்ன பிறகு ரொம்பத் தெளிவாயிட்டு. காலண்டர் அட்டையில முழுச் சேம்பரும் வெட்டி ஒட்டி வண்டியில வச்சுப் பாத்தேன். ரெண்டாவது கோன் சைடு ஸ்டாண்டுல முட்டுது. அந்த இடத்துல மட்டும் சாய்வா அறுத்துத் திருப்பப் போறேன்.

அண்ணாச்சி, பூட்டின பிறகு ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளைத் திருகு) மாத்தணுமா? ஸ்டாக் கார்புரேட்டர்தான். ஆயில் பம்பும் கம்பெனி பம்பு.

---

தக்கலை தகரப்பட்டறை எழுதியது:

மாத்தணும். சேம்பர் நல்லா வேலை செஞ்சா இன்ஜின் முன்னை விட அதிகம் காத்து இழுக்கும், பெட்ரோல் அந்த அளவு போகாது. கலவை காஞ்சு போகும். முதல்லயே மெயின் ஜெட்டை ரெண்டு நம்பர் பெருசா போட்டுத் தொடங்கு. ஆயில் பம்பைக் குறைக்காத, கேபிள் குறிக்கு நேரா நிக்குதான்னு மட்டும் பாரு.

சோதிக்கிறதுக்கு நாலு வழிச் சாலைக்குப் போக வேண்டாம், பேச்சிப்பாறை ஏத்தமே போதும். இன்ஜின் நல்லா சூடான பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத இடமா பாத்து, ரெண்டாம் கியர்ல முழுசா முறுக்கி ஏத்து. உச்சத்துல வரும்போதே சாவியைத் திருப்பி, கிளட்சைப் பிடிச்சு ஓரமா நிறுத்து. பைய ஓட்டிக் கொண்டு வந்து பாத்தா நிறம் மாறிரும். அங்கேயே பிளக்கைக் கழத்தி, வெள்ளைப் பீங்கான் அடியில என்ன நிறம்னு பாரு. காப்பிப்பொடி நிறம் இருந்தா செரி. வெளுத்து இருந்தா உடனே பெரிய ஜெட். கறுத்து ஈரமா இருந்தா ஒரு நம்பர் குறை. குளிந்த காலையில பாத்து முடிவு பண்ணு. மத்தியான வெயில்ல சரியா இருக்கிற ஜெட், மார்கழி விடியக்காலம் காத்து கனக்கும்போது காஞ்சு போகும்.

முறுக்கும்போது கிண்கிண்ணு ஆணி தட்டுற மாதிரி சத்தம் கேட்டா அந்த நிமிஷமே திராட்டிலை விடு. அது பிஸ்டன் தலையில அடிக்கிற அடி.

வெல்டிங் முடிச்சதும் எண்ணெய் எல்லாம் துடைச்சு, சூடு தாங்குற கறுப்புப் பெயிண்டு அடி. சிஆர் தகடு சும்மா கிடந்தா நம்ம ஊர் ஈரத்துல ஒரு ராத்திரியிலேயே செவந்துரும். உள்பக்கத்தைப் பத்திக் கவலைப்படாத, டூ ஸ்ட்ரோக் ஆயில் பாத்துக்கும். ஒரு வாரம் ஓடின பிறகு பத்து வச்ச கோடு முழுக்க விரல் வச்சுத் தடவிப் பாரு. எங்கயாவது கறுப்பா எண்ணெய் கசிஞ்சிருந்தா அங்க ஊசி ஓட்டை இருக்கு, மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போய் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பத்த வை.